பையனுக்கு என்ன வாங்குவது

கொரியாவில், குன்சான் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு பூட்டுக் கடை இருக்கிறது. சாவி வெட்டித் தருவேன். கதவுக்கு எண் பூட்டு மாட்டுவேன். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று முழிப்பவர்களுக்குத் திறந்துவிடுவேன். சாமி, பேய் விஷயத்தில் எனக்கு நம்பிக்கையும் இருந்ததில்லை, சண்டையும் இருந்ததில்லை.

என் மனைவி ஹேரானுக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் உடம்பு கெட்டது. சோறு இறங்கவில்லை. இரண்டு வருடத்தில் மூன்று ஆஸ்பத்திரி பார்த்தோம். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இடுப்புப் பாவாடை நிற்காமல் நழுவுகிற அளவுக்கு இளைத்துப்போனாள். கடைசியில் அவளுடைய அக்கா, பூவான் என்கிற ஊரில் சாமியாடுகிற பொங்னாம் அம்மாவிடம் கூட்டிப்போனாள்.

அந்த அம்மா இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒருத்தன் உக்காந்திருக்கான்டி. நீயா கதவைத் திறந்துவிடு. இல்லேன்னா உன்னைத் தின்னுட்டுத்தான் போவான்" என்றார்.

சடங்கு மூன்று நாள் நடந்தது. மேளச் சத்தத்தில் எனக்குக் காது அடைத்துப்போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் ஆடிக்கொண்டிருந்த ஹேரான் சட்டென்று நின்றாள். பாயில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு சின்னப் பையனின் குரலில் கேட்டாள்.

"எனக்கு என்ன வாங்கிட்டு வந்தே?"

அப்படித்தான் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

ஏழு வயது என்று அவனே சொன்னான். பெயர் தெரியவில்லை. சாமியாடுகிற வீடு என்று தெரிய எங்கள் வாசலில் மூங்கில் கட்டி வெள்ளைக் கொடியும் சிவப்புக் கொடியும் ஏற்றினோம். முன் அறை சாமி அறையாயிற்று. ஹேரானுக்குச் சோறு இறங்க ஆரம்பித்தது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தொலைந்த மோதிரம், பெண்ணின் பரீட்சை, பேசாமல் போன புருஷன் என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். அவள் மணியைக் குலுக்குவாள், அவன் வருவான், பட்டென்று பதில் சொல்வான். ஆனால் அதற்கு முன்னால் அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்.

வாங்குவது என் வேலை. ஹேரான் பார்த்ததை அவனும் பார்த்துவிடுவான், அப்புறம் கட்டுப் பிரிக்கிறதில் என்ன இருக்கிறது? அதனால் அவள் பொம்மைக் கடைப் பக்கமே போக மாட்டாள். கடையைச் சாத்திவிட்டு நான் போய் வாங்கி, வண்ணத் தாளில் சுற்றிக்கொண்டு வருவேன்.

முதலில் ஒரு டைனோசர் வாங்கினேன். தாளைக் கிழித்துப் பார்த்தான்.

"இது என்ன பண்ணும்?"

"வயித்தை அமுக்கினா கத்தும்."

"நீயே அமுக்கிக்கோ."

ரிமோட் கார் வாங்கினேன். அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். காந்தக் கட்டைகள் வாங்கினபோது, "மாமா, நீ கடைக்குப் போறப்ப கண்ணை மூடிக்கிட்டா போறே?" என்றான். மிட்டாய், தேன் பணியாரம், வாழைப்பழப் பால் எல்லாம் வைப்போம். ஒரு வாய் கடித்துவிட்டு வைத்துவிடுவான். என் தம்பி பிள்ளைகள் உயிரை விடுகிற பொருள்களை எல்லாம் அவன் ஓரக்கண்ணால் பார்த்து ஒதுக்கினான். எனக்கு ஒரு கட்டத்தில் கோபமே வந்தது. அவன் கட்டுப் பிரிக்கிறபோது நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஹேரானின் முகம்தான், ஆனால் அந்த நேரத்தில் அதில் அவள் இருக்க மாட்டாள். தாள் கிழிகிற அந்த ஒரு நொடி மட்டும் அந்த முகம் ஏங்கிப்போய் இருக்கும். உள்ளே இருப்பதைப் பார்த்ததும் அணைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

வேண்டாம் என்றால் அத்தோடு போகாது. அலமாரியில் வரிசையாக வைத்த பொம்மைகள் காலையில் பார்த்தால் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வைத்த பால் வெயில் ஏறுவதற்குள் திரிந்துபோகும். ஹேரானுக்கு நாக்கில் புண் வரும், காய்ச்சல் வரும். வந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, அவன் வாயைத் திறக்காமல் பாய் நாரைப் பிய்த்துக்கொண்டிருப்பான்.

ஒன்றை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு குழந்தை ஏழாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. ஆண் குழந்தை. ஹேரான் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் வாசலில் கொடி ஏற்றின நாளிலிருந்து அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். என் மனதிலும் அதுதான் ஓடியது. ஒருநாள் அறையில் யாரும் இல்லாதபோது அவனிடமே கேட்டுவிட்டேன்.

"தம்பி, நீ எங்க பையனா?"

அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான். "நான் உங்க பையன் இல்லை மாமா. எனக்கு அம்மா இருக்காங்க."

அவன் போனதும் ஹேரான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டீங்களா? என்ன சொன்னான்?" என்றாள்.

"சரியாப் பேசலை" என்று சொல்லிவிட்டேன்.

பதினான்கு மாதம் இப்படிப் போனது. அப்புறம் ஒரு மாசி மாதக் குளிரில் சோன்மி வந்தாள். மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலை செய்கிற பெண். புருஷன் கப்பலில் போயிருந்தான், நான்கு மாதமாகச் செய்தி இல்லை. பையனை விட்டுவர ஆளில்லாமல் கூடவே கூட்டிவந்தாள். கியூபின், ஐந்து வயது. கையில் மஞ்சள் நிறத்தில் மண் அள்ளும் பொம்மை வண்டி. ஒரு சக்கரம் இல்லை. மண் அள்ளுகிற கையைக் கடித்துக் கடித்தே வெளுக்க வைத்திருந்தான். அறையில் சோன்மி அழுதுகொண்டிருந்தபோது அவன் வெளியே என்னோடு உட்கார்ந்து அந்த வண்டியால் என் முழங்காலைத் தோண்டினான்.

அவர்கள் போன பிறகு பார்த்தால் வண்டி சாமி மேடைமேல் இருந்தது. கியூபின் அந்த அறைக்குள் நுழையவே இல்லை. நுழைந்திருந்தால் நான் பார்த்திருப்பேன்.

"இதுதான் நல்லாயிருக்கு" என்றான் ஹேரானுக்குள் இருந்த பையன். வண்டியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். "சூடா இருக்கு மாமா. நீ வாங்கிட்டு வர்றதெல்லாம் பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு."

பத்து நாள் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. சோன்மியின் புருஷன் எந்த ஊர்த் துறைமுகத்தில் இருக்கிறான் என்றுகூட எங்கள் பையன் சொன்னான், சரியாக இருந்தது. ஹேரான் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள். எனக்கும் நிம்மதி. மறந்து விட்டுப்போனதுதானே, கேட்டால் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் சோன்மி போன் செய்தாள்.

"அண்ணே, கியூபினோட வண்டி அங்கே இருக்கா?"

"இருக்கும்மா. கேட்டு அழறானா?"

"அழறதில்லைண்ணே. அதான் பயமா இருக்கு. அதைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குவான். இப்போ கேட்கவே இல்லை. போட்டோ காட்டினேன், இது யாரோடதுன்னு என்னையே கேட்கிறான். வேற எதையும் தொடமாட்டேங்கிறான். பள்ளிக்கூடத்துல விட்டா விட்ட இடத்துலயே நிக்கிறானாம். உக்காரச் சொன்னாலும் உக்கார்றதில்லை. யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி நிக்கிறான்னு டீச்சர் சொல்றாங்க."

நான் நேரே சாமி அறைக்குப் போய் வண்டியை எடுக்கக் கையை நீட்டினேன். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஹேரான் மணியைத் தொடவில்லை, ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அங்கிருந்து அவன் குரல் வந்தது.

"குடுத்ததைத் திருப்பி எடுப்பியா மாமா?"

"நான் குடுக்கலையே. அவனும் குடுக்கலை. நீயா எடுத்துக்கிட்டே."

"எடுத்துத்தான் பாரேன்."

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அந்தக் குரலில் ஏழு வயது இல்லை.

பொங்னாம் அம்மாவுக்குப் போன் செய்தேன். "பிடுங்காதே" என்றார். "பிடுங்கினா வண்டி உன் கைக்கு வரும், அந்தக் குழந்தை வராது. அவனா மனசு வந்து கீழே வைக்கணும். இதைவிடப் பிடிச்சதா ஏதாவது குடுத்துப் பாரு."

"பதினாலு மாசமா அதைத்தானே தேடிட்டிருக்கேன்! என்னதான் குடுக்கிறது, சொல்லுங்க."

"எனக்கு வர்றது கிழட்டுச் சாமிப்பா. ஒரு குவளை சாராயம் ஊத்தி வச்சா பேசாம இருக்கும். சின்னப் பசங்க சங்கதி எனக்கென்ன தெரியும்?"

அன்று கடையைத் திறக்கவில்லை. ஹேரானை உட்கார வைத்து மணியைக் குலுக்கச் சொன்னேன். கையில் எந்தப் பொட்டலமும் இல்லாமல் அவன் எதிரே உட்கார்ந்தேன். அவன் முதலில் என் கையைப் பார்த்தான், பிறகு என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்லை. உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியலை. நீயே சொல்லு."

"எனக்கும் தெரியாது."

"தெரியாமத்தான் எல்லாத்தையும் வேணாம்னு சொல்றியா?"

"இது இல்லைன்னு தெரியும்."

"எது இல்லை?"

அவன் பாய் நாரைப் பிய்த்தான். "அம்மா வாங்கிட்டு வர்றேன்னு சொன்னது."

நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"உனக்குப் பிடிச்சது ஒண்ணு வாங்கிட்டு வர்றேன், இங்கேயே நில்லு, எங்கேயும் போயிடாதேன்னாங்க. என்னன்னு கேட்டேன். பார்த்தா உனக்கே தெரியும்னாங்க."

"எங்கே நிக்கச் சொன்னாங்க?"

"தண்டவாளத்துக்குப் பக்கத்துல. அரிசி மூட்டை நிறைய இருந்துச்சு. ஆளுங்க ஓடிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் யாருமே இல்லை. பனி பெஞ்சுச்சு."

"அப்புறம்?"

"நின்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"நின்னுகிட்டுத்தான் இருக்கேன்" என்றான்.

அறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தரை சூடாகத்தான் இருந்தது. ஆனால் நீட்டியிருந்த ஹேரானின் பாதங்கள் என் கண் முன்னாலேயே நீலம் பாரித்தன. விரல் நுனியிலிருந்து கணுக்கால் வரைக்கும் மெதுவாக ஏறிற்று. நான் என் மேல்சட்டையைக் கழற்றி அந்தக் கால்களில் சுற்றினேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

"கடைக்குக் கூட வர்றியா?"

"யாரு, நானா?"

"நீதான். நீயே பார்த்து எடுத்துக்கோ."

அவன் சட்டைக்குள் காலை இழுத்துக்கொண்டான். "நடுவுல எங்கேயாவது நிக்கச் சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் போனோம். பார்க்கிறவர்களுக்கு ஐம்பது வயசு ஆளும் அவன் பெண்டாட்டியும். அவள் என் இடது கையைப் பிடித்து வீசி வீசி நடந்தாள். சாக்கடை மூடிகளைத் தாண்டிக் குதித்தாள். சந்தைவாசலில் கருவாடு விற்கிற அண்ணன், பெயர் ஓ, என்னைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"என்னப்பா மின்தெக்! இந்த வயசுல கை கோத்துக்கிட்டு ஊர்வலமா? பார்த்து, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது!"

பையன் திரும்பி அவருக்கு நாக்கைத் துருத்திக் காட்டினான். ஓ அண்ணன் சிரிக்க வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த கருவாட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற கடை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடை, பெரிய அங்காடியின் இரண்டாம் மாடி என்று ஏழு கடை ஏறி இறங்கினோம். எதையும் அவன் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தான். "இது வேணுமா?" என்பேன். "ம்ஹும். அடுத்த கடை" என்பான். சலிப்பாகச் சொல்லவில்லை. கடையை விட்டு வெளியே வருகிற ஒவ்வொரு தடவையும் நான் கூட வருகிறேனா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டான்.

ஏழாவது கடைக்கு வெளியே, "நாளைக்கும் கடையெல்லாம் இருக்குமா மாமா?" என்று கேட்டான்.

"இருக்கும்."

"நாமளும் இருப்போமா?"

இருப்போம் என்று சொன்னேன். யாரிடம், எதற்கு வாக்குக் கொடுக்கிறேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவனே சாமி மேடையிலிருந்து வண்டியை எடுத்து என் மடியில் வைத்தான். "இது அவனோடது. குடுத்துடு" என்றான். அடுத்த நிமிடம் ஹேரான் கண்ணைத் திறந்து, "எங்கேங்க போயிருந்தோம்? காலெல்லாம் இப்படி வலிக்குது" என்றாள்.

மறுநாள் காலை சோன்மி வீட்டுக்கு வண்டியை எடுத்துப்போனேன். நல்ல வெயில். நடந்துதான் போனேன், குளிருக்குக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு. இடது கை மட்டும் சூடேறவே இல்லை.

கியூபின் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்தான். நான் மண்டியிட்டு வண்டியை நீட்டினேன். கொஞ்ச நேரம் அது என்னவென்றே தெரியாதவன்போல் பார்த்தான். பிறகு வாங்கி, கடித்து வெளுத்த இடத்தை மோந்து பார்த்தான். உதடு கோணிற்று. பெருங்குரலெடுத்து அழுதான். சோன்மி ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டு அவளும் அழுதாள். வண்டி போனதிலிருந்து அவன் அழுத முதல் அழுகை அது.

அழுது முடித்து, அம்மா தோளிலிருந்து அவன் என்னைப் பார்த்தான். என்னை என்றால் என் முகத்தை இல்லை. என் இடது பக்கம், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே.

"அவன் உள்ளே வரக்கூடாது" என்றான்.

"யாருடா கண்ணா?" என்றாள் சோன்மி.

"அவன்தான். இது எங்க வீடு. அவன் காலில செருப்பே இல்லை."

என் இடது கை வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் சின்னதாக, ஈரமாக ஏதோ ஒன்று இறுகிற்று. தெரியாத வீட்டு வாசலில் பெரியவர்கள் பேசும்போது குழந்தை கையை இறுக்குமே, அப்படி.

நான் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினேன். மூன்று மாடியும் இறங்குகிறவரை அது விடவில்லை. தெருவுக்கு வந்ததும் தளர்ந்தது. ஆனால் போகவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஹேரானிடம் வரவில்லை. மணியைக் குலுக்குவாள், கண்ணை மூடுவாள். வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். அவளுக்கு உடம்பு ஒன்றும் செய்யவில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது. இரண்டு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் பூண்டு உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"உங்ககிட்ட இருக்கானா?"

"ஆமா."

அவள் இன்னொரு பல்லை உரித்தாள். "இடது கையா?"

"எப்படித் தெரியும்?"

"சாவியைக்கூட அந்தக் கையில எடுக்க மாட்டேங்கிறீங்களே." பூண்டை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். "ரெண்டு வருஷம் சோறு தண்ணி இல்லாமக் கிடந்தது நான். பக்கத்து வீட்டுக்காரி எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போறது என்னைப் பார்த்து. நாக்குல புண்ணு வந்ததும் எனக்குத்தான். நீங்க ஒரு நாள் கையைப் பிடிச்சுக் கடைக்குக் கூட்டிட்டுப் போனீங்க. உங்க பின்னாடியே வந்துட்டானா?"

"நானா கூப்பிடலை, ஹேரான்."

"கூப்பிட்டீங்க. நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. உக்காத்தி வச்சு வேலை வாங்கினேன்."

நான் எழுந்துபோய் என் இடது கையை அவள் கைக்குள் வைத்தேன். அவளிடம் போ என்று மனதுக்குள் சொன்னேன். அவள் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி இருந்தாள். பூண்டு வாசனை அடித்தது.

"ஒண்ணுமே இல்லைங்க" என்றாள். "உங்க கைதான் இருக்கு."

அந்த வாரம் மூங்கிலை இறக்கினோம். வேண்டாமென்ற பொம்மைகளை எல்லாம் மூன்று பெட்டியில் கட்டிப் பரண்மேல் போட்டிருக்கிறோம். வேறு குழந்தைக்குக் கொடுக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. ஹேரான் இப்போது கடையில் எனக்கு ஒத்தாசையாக இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். கியூபின் நன்றாக இருக்கிறான், அப்பாவும் வந்துவிட்டான். என்னைத் தெருவில் பார்த்தால் மட்டும் அம்மாவின் அந்தப் பக்கம் போய்விடுவான்.

சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்துவோம். முதலில் நான் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை ஹேரான் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பி நின்றாள். என் இடது பக்கம் ஒரு ஆள் இடம் விட்டு நடந்தாள். மூன்றாவது கடையில் அந்த இடைவெளியைப் பார்த்துக் கடுகடுவென்று சொன்னாள். "சீக்கிரம் பாருடா. எனக்குக் கால் வலிக்குது."

இப்போதெல்லாம் அவன் பொம்மைகளைப் பார்ப்பதில்லை. கடைக்குள்ளே போகவே விடுவதில்லை, வாசலில் நிறுத்திவிடுகிறான். உள்ளேயிருந்து பையோடு ஒரு பெண் வெளியே வந்தால் கை இறுகும். அவள் எங்களைத் தாண்டிப் போகும்வரை இறுகியே இருக்கும். சிலர் தாண்டும்போது சட்டென்று குளிர்ந்ததுபோல் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்கள். கை தளரும். அடுத்த பெண் வருகிறவரை நாங்கள் நிற்போம்.